மூணே முக்கால் நிமிஷம்

கம்பம் பள்ளத்தாக்கில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு வண்டிக்கு இரண்டு ஆள். மேலே உட்கார்ந்து கயிற்றைப் பிடிப்பவன் சாரதி. கூடவே ரோட்டில் ஓடி, மாடு சுணங்குகிற இடத்தில் அதட்டி விரட்டி, மாடு வேகம் பிடித்ததும் ஓடி வந்து வண்டியில் தொற்றிக்கொள்கிறவன் துணைச் சாரதி. பரிசு கொடுக்கும்போது துண்டு சாரதியின் தோளில்தான் விழும். கீழே ஓடினவன் அந்நேரம் எங்கேயாவது பம்புசெட்டில் காலைக் கழுவிக்கொண்டிருப்பான். இது நியாயமா என்று இதுவரை எவனும் கேட்டதில்லை, ஓடினவனும் கேட்டதில்லை.

அனுமந்தன்பட்டி செல்லப்பாண்டி சாரதி. அவனுக்குத் துணைச் சாரதி கூடப் பிறந்த தம்பி மாரிசெல்வம். இருவருக்கும் எட்டு வயது வித்தியாசம். அப்பா செத்தபோது மாரிக்கு வயது ஒன்பது. அம்மா அதற்கு முன்னாலேயே போய்விட்டாள். பதினேழு வயதில் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் ஒரு தம்பியும் தன் பொறுப்பில் வந்து விழுந்ததும் செல்லப்பாண்டி அசரவில்லை. அப்பாவின் சடலத்தைத் தூக்கும்போதுகூட நிமிர்ந்துதான் நடந்தான். டீக்கடைக்குப் போனால்கூட யாரோ போட்டோ எடுக்கக் காத்திருக்கிறார்கள் என்கிற தோரணையில்தான் நடப்பான். அவன் பெண்டாட்டி பவுனு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "ஒங்க அண்ணன் வாராக, ரோட்ட அகலமாக்கச் சொல்லு" என்று கொழுந்தனிடம் சொல்வாள்.

மாரி அதைக் கேட்டுச் சிரிப்பான். ஆனால் அண்ணன் அப்படி நடப்பதில் அவனுக்கு உள்ளூரப் பெருமை உண்டு. பதினாறு வயதிலிருந்து அண்ணன் வண்டிக்குப் பின்னால் ஓடினான். அந்த வண்டி தேவாரத்திலும் சின்னமனூரிலும் கூடலூரிலும் வாங்கிய பரிசுகளில் பாதி அவன் காலால் வந்தது. செல்லப்பாண்டிக்கும் அது தெரியும். வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாரிசெல்வம் ஓட்டக்காரன் என்பது ஒரு பந்தயத்தில் தற்செயலாகத் தெரிந்தது. வண்டி வேகம் எடுத்த இடத்தில் அவனால் ஏறித் தொற்றிக்கொள்ள முடியாமல் போனது. மற்றவனாக இருந்தால் ரோட்டோரம் உட்கார்ந்திருப்பான். இவன் எல்லைவரைக்கும் ஐந்து கிலோமீட்டர் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்தான். வந்து சேர்ந்த பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். வேடிக்கை பார்க்க வந்திருந்த தேனி பி.டி. சார் ஒருவர் அவன் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, "தம்பி, நீ மாட்டுக்குப் பின்னால ஓடுற ஆளில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தை அவனைப் பிடித்துக்கொண்டது. போலீஸ் வேலைக்கு இரண்டு தடவை போய் எழுத்துத் தேர்வில் நின்றுபோனவன் அவன். மாவட்ட நெடுந்தூர ஓட்டத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள், மாநிலச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கேட்கலாம் என்று சார் மூலமாகத் தெரிந்தது. 2003 புரட்டாசி மாதம் அந்த ஓட்டம் கம்பத்தில் நடந்தது. கம்பத்தில் கிளம்பி உத்தமபாளையம் தாண்டிப் போய்த் திரும்பிக் கம்பத்துக்கே வரவேண்டும், இருபது கிலோமீட்டர். மாரிக்கு இருபத்தைந்து முடிந்து இருபத்தாறு நடந்துகொண்டிருந்தது. வயது வரம்பு அந்த வருஷத்தோடு சரி. அதை விட்டால் காக்கிச் சட்டை இந்த ஜென்மத்தில் இல்லை.

நான்கு மாதம் வாய்க்கால் கரையில் ஓடினான். விடிகிற நேரத்தில் கரையில் ஆள் நடமாட்டம் இருக்காது. பவுனு ஒரு ஸ்டாப்வாட்சை முந்தானையில் முடிந்துகொண்டு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருப்பாள். அவள் எட்டாவது வரைக்கும் படித்தவள், கணக்கில் கெட்டி. கொழுந்தன் ஒவ்வொரு சுற்று வரும்போதும் நேரத்தைச் சத்தமாகச் சொல்லுவாள்.

ஆனி பிறந்தால் கம்பம் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மலைக் கணவாயிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கு நெடுக, புரட்டாசி வரைக்கும் ஒரே திசையில் அடிக்கும். வாழை வைத்தவன் வயிற்றில் புளியைக் கரைக்கும். கம்பத்திலிருந்து உத்தமபாளையம் பக்கம் ஓடினால் அந்தக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். அதே ஆள் திரும்பினால் மூஞ்சியில் அறையும். முதல் வாரம் மாரி அந்தத் தள்ளலில் சொகமாக ஓடிப்போய்விட்டு, திரும்பி வரும்போது பாதி வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். பவுனு வாட்சைக் காட்டினாள். போகும்போது கிலோமீட்டருக்கு மூணே கால் நிமிஷம், வரும்போது அஞ்சு.

அன்றைக்குத்தான் அவன் ஒரு முடிவுக்கு வந்தான். போகும்போதும் மூணே முக்கால், வரும்போதும் மூணே முக்கால். காற்று தள்ளினால் தள்ளட்டும், கூட ஒரு எட்டு எடுத்து வைப்பதில்லை. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. உடம்பு துள்ளுகிற நேரத்தில் அதைப் பிடித்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஓடிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான்கு மாதத்தில் அவன் அதைச் சாதித்தான். வாட்ச் பார்க்காமலே, "மதினி, மூணு நாப்பத்தாறா?" என்று கேட்பான். அவள் பார்ப்பாள். மூணு நாற்பத்தாறுதான் இருக்கும்.

செல்லப்பாண்டிக்கு இதெல்லாம் கோமாளித்தனமாகப் பட்டது.

"மூணே முக்காலாம் மூணே முக்கால். மொத ஆளாப் போறவன்தேன்டா மொத ஆளா வருவான்" என்றான் ஒரு நாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"மாட்டுக்கு நீ செய்யுறதத்தேன் நான் எனக்குச் செய்யுறேன். போகையில நீ கயித்தப் புடிக்கலையா?"

"மாட்டுக்கு அறிவில்ல, நான் புடிக்கேன்."

"எனக்கு இருக்கு. நானே புடிச்சுக்கிறேன்."

பவுனு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செல்லப்பாண்டியும் சிரித்துவிட்டான். தம்பி சொன்னது உண்மைதான். எல்லைவரைக்கும் மாட்டைப் பிடித்துப் பிடித்துக் கொண்டுபோய், திரும்பும்போது கயிற்றை விடுவதில் செல்லப்பாண்டிக்கு ஈடான சாரதி அந்த வட்டாரத்தில் கிடையாது. ஆக, பின்னால் நடந்ததை அவனுக்குத் தெரியாமல் நடந்த தப்பு என்று சொல்ல முடியாது. தெரிந்தவன் செய்த தப்புதான்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாரி அண்ணனிடம் வந்து நின்றான். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை அரைத்த தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்த செல்லப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. வண்டிப் பந்தயத்துக்கு வார மாதிரி பைக்க எடுத்துக்கிட்டுப் பின்னாடி வராத. நம்ம ஊர்ப் பயகளையும் வர விடாத."

"பின்ன உன்னய எப்பிடிப் பாக்குறது?"

"ஊரு வழியாத்தான வாரேன். அங்கன நில்லு. போகையில பதினஞ்சாவது ஆளாப் போவேன். வருத்தப்படாத. வாரையில பாரு."

செல்லப்பாண்டி சரி என்றான். மனசாரத்தான் சொன்னான். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் ஊர் என்று ஒன்று இருக்கிறதே. அந்தப் பள்ளத்தாக்கில் பந்தயம் என்றால் ஒரே மாதிரிதான் பார்த்துப் பழக்கம். முன்னால் வண்டி, பின்னால் முப்பது நாற்பது பைக், ஒவ்வொரு பைக்கிலும் இரண்டு பேர், எல்லார் தொண்டையும் கிழியும். மனுஷன் ஓடுகிற பந்தயத்தை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காலையில் ரோட்டோரத்தில் பைக்குகள் வரிசையாக நின்றன. பறைக்காரர்கள் வந்துவிட்டார்கள். சரவெடி ஒரு சாக்கு நிறைய இருந்தது. செல்லப்பாண்டி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தம்பி சொன்ன இடத்தில், சொன்னபடி நின்றான். பவுனு கையில் வாட்சோடு கொஞ்சம் தள்ளி வேப்ப மரத்தடியில் நின்றாள்.

ஏழு மணிக்குக் கம்பத்தில் கிளப்பினார்கள். அனுமந்தன்பட்டி ஆறாவது கிலோமீட்டரில் இருந்தது. ஓட்டக்காரர்களுக்கு முன்னால் வந்தது சுருளிப்பட்டிக் கூட்டம், இருபது பைக். அவர்களுக்கு நடுவில் கர்ணன். அவனும் சாரதி. செல்லப்பாண்டியிடம் நாலு தடவை தோற்றவன். அவன் அக்கா மகன் விஜய்பாண்டி அன்றைக்கு இரண்டாவது ஆளாக ஓடி வந்துகொண்டிருந்தான். கர்ணன் பைக்கை ஓரங்கட்டி நிறுத்தினான்.

முதல் ஆள் போனான். விஜய்பாண்டி போனான். மூன்று, நான்கு, ஏழு, பத்து என்று போய்க்கொண்டே இருந்தார்கள். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. "எங்கப்பா நம்மாளு?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். பதின்மூன்றாவது ஆளாகத் தேவாரத்துக்காரர் ஒருவர் வந்தார், துணிக்கடையில் வேலை பார்க்கிற ஒல்லியான மனுஷன். அவர் தோளோடு தோளாகப் பதினான்காவது ஆளாக மாரி வந்தான். முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. வாய்க்கால் கரையில் வருகிற மாதிரியே வந்தான். பவுனு வாட்சை அழுத்தினாள். இருபத்திரண்டரை நிமிஷம். கிலோமீட்டருக்கு மூணே முக்கால் வீதம் ஆறு கிலோமீட்டர், ஒரு நொடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

மாரி அவர்களைத் தாண்டுவதற்கு முன்னால், அந்த நேரத்தில்தான் கர்ணன் வாயைத் திறந்தான்.

"என்னப்பா செல்லப்பாண்டி, உன் தம்பி வண்டிக்குப் பின்னாடியே ஓடிப் பழகிட்டானோ? முன்னாடி ஓடச் சொன்னா தெகச்சுப்போயிருவான்போல."

சுருளிப்பட்டிக் கூட்டம் சிரித்தது. அது போகட்டும். செல்லப்பாண்டியின் சொந்த ஊர்க்காரர்களே நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள்.  போகும்போது பிடித்து, வரும்போது விடுவான் தம்பி என்று செல்லப்பாண்டி நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். கர்ணனுக்கும் புரிந்திருக்கும், அவனும் சாரதிதானே. வாய் வரவில்லை. அத்தனை பேருக்கு நடுவில் தலை தானாகக் குனிந்தது. தன் வெள்ளைச் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே மாரி, விட்றா" என்று கத்தினான். அவன் கத்தியதுதான் தாமதம், ஊர்க்காரர்களின் இருபது பைக்கும் உதைபட்டுக் கிளம்பியது. யாரோ ஒருவன் பைக்கில் செல்லப்பாண்டியும் ஏறிக்கொண்டான். பறை அதிர்ந்தது. மாட்டை விரட்டுகிற அதே சத்தம், அதே விசில். "விட்றா, விட்றா, விட்றா."

மாரி விட்டான்.

அந்த நாலு கிலோமீட்டர் ஓட்டத்தை அன்றைக்குப் பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். காற்று முதுகில் தள்ள, பதினான்காவது ஆளாக இருந்தவன் ஒவ்வொருத்தராகத் தாண்டினான். உத்தமபாளையம் நுழையும்போது ஐந்தாவது. எல்லைக் கொடியைச் சுற்றும்போது இரண்டாவது. திரும்பிய முந்நூறு மீட்டரில் முதல் ஆள். பின்னால் தேவாரத்துக்காரர் இப்போது பதினான்காவது இடத்தில், அதே நடையில் வந்துகொண்டிருந்தார். அவரை யாரும் கவனிக்கவில்லை. செல்லப்பாண்டி பைக்கில் நின்றுகொண்டே தொடையைத் தட்டினான். "கர்ணன் எங்கடா, எங்கடா கர்ணன்" என்று ஊளையிட்டான். தம்பி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி ஊருக்குள் அவன் முதல் ஆளாக நுழைந்தபோது ஒரு சாக்குச் சரவெடியும் மொத்தமாக வெடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ குடம் தண்ணீரை அவன் தலையில் ஊற்றினார்கள். அத்தனை ஆரவாரத்தில் பவுனு மட்டும் வாட்சைப் பார்த்தாள். பதினான்காவது கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். அவன் வந்திருக்க வேண்டியது ஐம்பத்திரண்டரைக்கு. இன்னும் ஆறு கிலோமீட்டர், முழுக்க எதிர்காற்று. அவள் வேப்ப மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பைக்கிலிருந்து செல்லப்பாண்டி அதைப் பார்த்தான். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தான்.

புதுப்பட்டி தாண்டியதும் மாரியின் தோள் மேலே ஏறியது. மாடு மூச்சுக்குத் திணறும்போது கழுத்து எப்படி நீளும் என்று செல்லப்பாண்டிக்குத் தெரியும். அதைத் தம்பியிடம் பார்த்ததும் கையை வீசினான். "நிறுத்துங்கடா, கத்தாதிங்கடா" என்றான். அவன் சொன்னது பக்கத்து பைக்குக்குக்கூடக் கேட்கவில்லை. காற்று புழுதியை வாரி மாரியின் வாயில் போட்டது. அவன் கால் தூக்கி வைத்த இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள தூரம் குறைந்துகொண்டே வந்தது. ஒருவன் தாண்டினான், இன்னொருவன் தாண்டினான். ஐந்தாறு பேர் போனபிறகு பைக்குகள் ஒவ்வொன்றாகப் பின்தங்கி, சத்தம் அடங்கி, கடைசி இரண்டு கிலோமீட்டரில் செல்லப்பாண்டி ஏறியிருந்த ஒரே பைக் மட்டும் கூட வந்தது. மாரி ஒன்பதாவது ஆளாகக் கம்பத்துக்குள் வந்தான்.

தேவாரத்துத் துணிக்கடைக்காரர் இரண்டாவது. அவருக்கு ஆன நேரம் எழுபத்தைந்து நிமிஷமும் சில நொடியும். மூணே முக்கால் வீதம் இருபது கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு வரும் என்று பவுனுவைக் கேட்டால் வாட்ச் இல்லாமலே சொல்லியிருப்பாள்.

மாரி வாந்தியெடுத்துவிட்டு ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்திருந்தான். செல்லப்பாண்டி எதிரே போய் நின்றான்.  தம்பி நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது.

"வயித்தப் புடிச்சிருச்சுண்ணே" என்றான் மாரி. "காலையில தண்ணி கூடக் குடிச்சிட்டேன்போல."

நா வறண்டவனுக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி செல்லப்பாண்டி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம், "வயித்தப் புடிச்சிருச்சுய்யா, இல்லாட்டி அவன எவன் புடிச்சிருப்பான்" என்று சொன்னான். மாரியும் அதையேதான் சொன்னான். பி.டி. சாரிடமும் சொன்னான்.  பவுனு வாட்சைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஒரு வாரம் புருஷனிடம் சோறு போடுவதற்கு மேல் பேசவில்லை. அவன், "என்னடி இப்ப" என்று கேட்டதற்கு, "ஒங்க மாட்டுக்கு ஒரு நாளாவது இப்பிடிச் செஞ்சிருக்கீகளா?" என்றாள்.

அவன் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

காக்கிச் சட்டை போனது. வாய்க்கால் கரை ஓட்டமும் போனது. மாரி பழையபடி அண்ணன் வண்டிக்குப் பின்னால் மட்டும் ஓடினான். ஒரு குறையும் சொல்லவில்லை. முன்னைவிட நன்றாகத்தான் விரட்டினான். பரிசு வாங்க மேடையேறும்போதெல்லாம் செல்லப்பாண்டிக்கு அந்த ஓட்டம் ஞாபகம் வந்தது. கத்தினது நான் மட்டுமா, நாற்பது பேர் கத்தினார்கள், கர்ணன் கத்த வைத்தான், பறைக்காரனும் வெடி போட்டவனும் சும்மாவா இருந்தார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். ஊர்ப் பழக்கம் அப்படி, ஒருத்தன் தலையில் போட முடியாது. அப்படிச் சொல்லிக்கொண்டால் இரண்டு மூன்று நாளைக்குத் தூக்கம் வரும்.

2008-ல் தேவாரம் பந்தயத்தில் வண்டி குடைசாய்ந்து செல்லப்பாண்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பிளேட் வைத்துக் கட்டிலில் போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் மாரிக்கு வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியிலிருந்து வேலைக்குக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் வேலை, தங்க வீடும் உண்டு. கட்டிலோரம் வந்து மாரி அதைச் சொன்னான்.

"போயிட்டு வாடா, நல்ல வேலதான" என்றான் செல்லப்பாண்டி. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். மறுநாள் மாரி வயலில் நாற்றுப் பாவிக்கொண்டிருந்தான். கேட்டதற்கு, மலைக் குளிர் தனக்கு ஒத்துக்காது என்று சொல்லிவிட்டான்.

ஒரு வருஷம் கழித்து அதே ஃபேக்டரியிலிருந்து மறுபடி ஆள் வந்தது. இந்தத் தடவை பவுனு முந்திக்கொண்டாள். கொழுந்தனுக்கு முப்பத்திரண்டு வயதாகிறது, இன்னும் கல்யாணம் இல்லை, ஒரு வீடு வாசல் இல்லை. "வயலக் குத்தகைக்கு விட்டுக்கிருவோம். நீ போ தம்பி. நான் அவுகளப் பாத்துக்கிருவேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவளே பெட்டி கட்டினாள்.

காலை பத்து மணிக்குக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் குமுளி பஸ்ஸுக்கு நின்றார்கள். செல்லப்பாண்டி கம்பை ஊன்றிக்கொண்டு வந்திருந்தான். பவுனு பன் வாங்கக் கடைக்குப் போனாள். அண்ணனும் தம்பியும் தனியாக நின்றார்கள். ஆறு வருஷமாக வாய்வரை வந்து வந்து திரும்பிப்போனதை இனிமேல் எப்போது சொல்வது என்று செல்லப்பாண்டிக்குத் தோன்றியது.

"மாரி, அன்னைக்கு உன் பொழப்பக் கெடுத்தது நாங்கதேன். பைக்க எடுக்காதன்னு சொன்ன. நாப்பது பேரு பின்னாடியே வந்து கத்தி, உன்னய வெரட்டிப்புட்டோம். வயித்தப் புடிச்சதெல்லாம் இல்ல. எனக்குத் தெரியும்டா."

மாரி சிரித்தான்.

"கத்துனதுக்கா நான் ஓடுனேன்? எத்தன வருசமா அந்தச் சத்தத்துக்குள்ள ஓடுறேன். அதெல்லாம் எனக்கு மழ பெய்யுற மாதிரி."

"பெறகு என்னத்துக்குடா விட்ட?"

"பஸ்ஸு வாரப்போகுது. விடுண்ணே."

"சொல்லுடா."

மாரி கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். "அந்தச் சுருளிப்பட்டி ஆளு என்னமோ சொன்னான், எல்லாரும் சிரிச்சாக. நீ தலையக் குனிஞ்ச. அப்பா செத்தன்னைக்குக்கூட நீ குனியலண்ணே. அந்த மொகத்தப் பாத்தபெறகு என்னால பதினாலாவது ஆளாப் போக முடியல."

செல்லப்பாண்டி கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"நீ வெசனப்படாத. இன்னொரு தடவ ஓடச் சொன்னாலும் அப்பிடித்தேன் ஓடுவேன்" என்றான் மாரி. ஆறுதலுக்குத்தான் சொன்னான். அது அண்ணனை எங்கே தைக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

நாற்பது பேருக்குப் பங்குபோட்டு வைத்திருந்ததெல்லாம் அந்த நிமிஷத்தில் செல்லப்பாண்டி ஒருத்தன் தலையில் வந்து இறங்கியது. பறைக்காரன் காரணமில்லை. வெடி போட்டவன் காரணமில்லை. கர்ணன்கூட இல்லை. ஒரு நாள் ஒரு நிமிஷம் அவன் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் போதும், தம்பி போலீஸ்காரனாக இருந்திருப்பான். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததும் அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கும் தம்பி அதைப் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போயிருக்கிறான். மலைக்குளிராவது ஒண்ணாவது. 

குமுளி பஸ் வந்து நின்றது. பவுனு பன்னோடு ஓடி வந்தாள். மாரி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து அண்ணனைத்தான் பார்த்தான். அவன் பார்வை முகத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பார்வையின் அர்த்தம் செல்லப்பாண்டிக்கு இப்போது தெரிந்துவிட்டது. இந்த முகத்தில் ஒரு இடம் சுருங்கினால் போதும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான்.

செல்லப்பாண்டி சிரித்தான். மீசையைத் தடவிக்கொண்டான். "ஏலே, வீடெல்லாம் எப்பிடி இருக்குன்னு பாத்துட்டு போனப் போடு. ஒழுகுற வீடாக் குடுத்தாய்ங்கன்னா வாங்காத" என்றான்.

"அண்ணே, நான் வேணும்னா அடுத்த வாரம்..."

"அடுத்த வாரம் என்னத்துக்கு? பஸ்ஸுல ஏறுனவன் எறங்கக் கூடாது. எனக்கு இடுப்பெல்லாம் சரியாப்போச்சு. ஐப்பசியில வண்டி கட்டப்போறேன், தெரியுமா?"

பவுனு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இனிமேல் வண்டி கட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவளும் கூட இருந்தாள். பன் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொழுந்தனிடம் நீட்டினாள்.

டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். கண்டக்டர் யாரோடோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் செல்லப்பாண்டி கம்பில் பாரத்தைப் போட்டு நிமிர்ந்து நின்று சிரித்துக்கொண்டே இருந்தான். கர்ணன் மருமகன் விஜய்பாண்டி கல்யாணத்தில் பாயசத்தில் உப்பு விழுந்த கதையைச் சொன்னான். மாரி சிரித்தான். சிரித்துக்கொண்டே அண்ணன் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தான். அதில் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் சாய்ந்து உட்கார்ந்து பன்னைப் பிரித்தான்.

பஸ் நகர்ந்தது. ஜன்னலில் கை அசைந்தது. செல்லப்பாண்டியும் கையைத் தூக்கினான். பஸ் ஸ்டாண்டு வாசலில் வேகம் குறைந்தபோது மாரி இன்னொரு தடவை எட்டிப் பார்த்தான். அப்போதும் அவன் அண்ணன் சிரித்துக்கொண்டுதான் நின்றான். பஸ் குமுளி ரோட்டில் திரும்பி மறைந்த பிறகும் அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்க அவனுக்குத் தெரியவில்லை.

பவுனு கிட்டே வந்து அவன் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு, தன் தோளைக் கொடுத்தாள்.

"பஸ்ஸு போயிருச்சுங்க" என்றாள். "இனி அழுதுக்கங்க."

அத்தனை ஜனத்துக்கு நடுவில், அவன் அதற்குப் பிறகுதான் அழுதான்.